பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே விளையாட்டா?

சென்ற தவணை ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். பாடசாலை விட்டுப் பிள்ளைகள் எல்லாம் வீதிக்கு இறங்கிவிட்டார்கள். ளுஹர் தொழுகைக்குப் போகலாமென்று புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் தன் மகனைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். ஐந்தாம் தரத்தில் என்னிடம் இஸ்லாம் பாடம் படிக்கும் பிள்ளை. வகுப்பில் துள்ளித் திரிபவன், அன்று இடது காலை முழுதாகத் தரையில் ஊன்றாமல் விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தான்.

"மௌலவி, உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். நீங்க சொன்னாத்தான் இவன்ட வாப்பா கேப்பார்" என்றார் அந்தத் தாய்.

விஷயம் இதுதான். வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். மகன் நன்றாகப் பந்து வீசுகிறான் என்று யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான், பதுளையில் ஒரு கிரிக்கெட் வகுப்பில் சேர்க்கும்படி உத்தரவு வந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் இரண்டிரண்டு மணித்தியாலம். சனியும் ஞாயிறும் நான்கு நான்கு மணித்தியாலம். மட்டை, காலுறைத் தடுப்பு, சப்பாத்து, பஸ் கூலி என்று செலவு ஏறிக்கொண்டே போக, உம்மா தன் காப்பு ஒன்றை அடகு வைத்திருக்கிறார். (வட்டி சம்பந்தப்பட்ட அந்த விஷயத்தை அவரிடம் தனியாகச் சொன்னேன். இங்கே அது வேண்டாம்.) இப்போது பயிற்றுவிப்பாளர் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறார். பிள்ளை முன்னுக்கு வர வேண்டுமென்றால் ஓட்டம், எல்லே, உதைபந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமாம். மாலைக் குர்ஆன் மத்ரஸாவுக்கும் ஒரு வருஷம் லீவு எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"இவனுக்கு ரெண்டு மாசமா குதிக்கால் நோவுது மௌலவி. சொன்னா, பழகினா சரியாப் போகும்ங்கிறாங்க. வாப்பா முரளி மாதிரி வரணும்ங்கிறார். எனக்கு என்ன செய்யிறதுன்னே விளங்கல்ல."

எனக்கும் அன்று விளங்கவில்லை. நான் அரபுக் கல்லூரியில் படித்து வந்தவன். விளையாட்டுப் பாடம் எனக்குரியதல்ல. "ஒரு வாரம் பொறுங்க தங்கச்சி, விசாரிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் அந்தக் காலுக்கு ஓய்வு குடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். பிறகு உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடமும், எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடமும் கேட்டேன். கையில் கிடைத்ததை வாசித்தேன். அந்தத் தாய்க்கு ஒரு வாரம் கழித்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வி இன்று ஹாலிஎலயில் மட்டுமல்ல, வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் எத்தனையோ வீடுகளில் சமையலறை வரை வந்துவிட்டது.

முரளி என்றதால் முதலில் முரளிதரனின் கதையையே பார்ப்போம். மலையகத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் எல்லாப் பெற்றோரின் கண்ணும் விரியும். காரணம் இருக்கிறது. அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டு தென்னிந்தியாவிலிருந்து நம் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர். தகப்பனார் கண்டியில் பிஸ்கட் தயாரிப்புத் தொழில் நடத்தினார். 1972இல் பிறந்த முரளி கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டு விடைபெற்றார். அந்த எண்ணிக்கையை உலகில் வேறெவரும் எட்டவில்லை.

ஆனால் பலருக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. முரளி சுழற்பந்து வீச்சாளராகத் தொடங்கியவர் அல்லர். பாடசாலையில் அவர் மிதவேகப் பந்துதான் வீசிக்கொண்டிருந்தார். அவருக்கு 14 வயதாக இருக்கும்போதுதான் பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்துக்கு மாறிப் பார் என்று ஆலோசனை சொன்னார். ஐந்து வருஷத்தில், 1991இல், அவர் இலங்கையின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரராகத் தெரிவானார். 1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அணியில் ஆடினார்.

சகோதரிகள் இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். உலகின் மிகப் பெரிய சுழற்பந்து வீச்சாளர் என்ன பந்து வீசப் போகிறார் என்பதே 14 வயது வரை தீர்மானமாகவில்லை. ஒரே விளையாட்டுக்குள்ளேயே இந்த நிலை. பத்து வயதில் "நீ வேகப்பந்து வீச்சாளன், உனக்கு வேறெதுவும் கிடையாது" என்று அவரையும் யாராவது பூட்டி வைத்திருந்தால், சராசரியான மிதவேக வீச்சாளர் ஒருவர் பாடசாலையோடு ஓய்ந்திருப்பார். பிஸ்கட் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

லசித் மாலிங்க இன்னொரு விதம். காலிக்கு அருகிலுள்ள ரத்கம கிராமத்தில் நண்பர்களோடு மென்பந்தில் விளையாடித் திரிந்த பிள்ளை அவர். 17 வயதளவில்தான் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்கவின் கண்ணில் பட்டு, முறையான பயிற்சிக்கு வந்தார். 2004இல் நாட்டுக்காக ஆடினார். அந்த விசித்திரமான கைவீச்சை எந்த வகுப்பும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதிலேயே வகுப்பில் சேர்த்திருந்தால் முதல் நாளே அதைத் திருத்தியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"ரெண்டு பேர் கதையை வச்சுக்கொண்டு பேச ஏலாது மௌலவி, டைகர் வுட்ஸ் நடக்கத் தொடங்கும் முன்னமே கோல்ஃப் மட்டையைப் பிடித்தவர்" என்று நம் வீட்டு இளைஞர்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆகவே இரண்டு பேரை அல்ல, ஆயிரக்கணக்கானோரை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்னே குல்லிக் என்பவரும் அவரது சகாக்களும் 6,096 விளையாட்டு வீரர்களின் விபரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவர்களில் 772 பேர் உலகின் உச்சநிலை வீரர்கள். கிடைத்த முடிவு, நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. உலகத் தரத்தை எட்டியவர்கள், தேசிய மட்டத்தோடு நின்றுவிட்டவர்களைவிடத் தமது பிரதான விளையாட்டைப் பிந்தித் தொடங்கியிருந்தார்கள். சிறுவயதில் வேறு விளையாட்டுகளில் கூடுதலான பயிற்சி பெற்றிருந்தார்கள். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் முன்னேறினார்கள். அப்படியானால் சின்ன வயதிலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பலன் இல்லையா? உண்டு. அவர்கள் சிறுவர் போட்டிகளில் வென்றார்கள். 12 வயதுக் கிண்ணம் அவர்களுக்கு. 25 வயதுக் கிண்ணம் பெரும்பாலும் மற்றவர்களுக்கு.

வீட்டு ஷோகேஸில் வைத்த சின்னக் கிண்ணம் நம் கண்ணை மறைப்பது இங்கேதான். பெற்றோர் பார்ப்பது அடுத்த மாதப் போட்டியை. பயிற்றுவிப்பாளருக்கும் அதுவே தேவை, ஏனென்றால் வென்ற பிள்ளையைக் காட்டித்தான் அடுத்த பிள்ளையைச் சேர்க்க முடியும். எல்லாரும் அப்படியில்லை. மாணவன் நொண்டினால் தானே வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நல்ல மனிதர்களையும் எனக்குத் தெரியும்.

விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ், பனிச்சறுக்கு நடனம் போன்ற சிலவற்றில் உச்சம் இளம்வயதிலேயே வந்துவிடுவதால் பயிற்சியும் முந்தியே தொடங்குகிறது. நம் பிள்ளைகள் யாரும் அவற்றுக்குப் போகப் போவதில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

இனி அந்தக் குதிக்காலுக்கு வருகிறேன். என் மனதை உண்மையில் தொட்டது இந்தப் பகுதிதான்.

வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனைகளிலும், தசைநார்கள் வந்து பொருந்தும் இடங்களிலும் ஒரு மெல்லிய குருத்தெலும்புப் படை இருக்கிறது. எலும்பு வளர்வது அங்கிருந்துதான். அது முற்றி இறுகி எலும்பாகும் வரை, அதைச் சூழவுள்ள பாகங்களைவிடப் பலவீனமானது. வளர்ந்த ஆளுக்கு நார் இழுபட்டு வலிக்கும் இடத்தில், பிள்ளைக்கு இந்த வளர்ச்சிப் படையே இழுபட்டு நொந்துபோகிறது. எட்டு வயதிலிருந்து பதினான்கு வரையிலான பிள்ளைகளுக்குக் குதிக்காலிலும், அதைவிடச் சற்று மூத்தவர்களுக்கு முழங்காலுக்குக் கீழேயுள்ள மேட்டிலும் வரும் நோவு பெரும்பாலும் இதுதான். குதிக்காலை இரு பக்கமும் விரலால் அமுக்கினால் பிள்ளை துள்ளும். ஓடிய பின் கூடும். வலியைக் குறைக்க விரல் நுனியில் நடப்பான். அந்த மகன் என் முன்னால் நின்றதும் அப்படித்தான்.

ஓய்வு கொடுத்தால் இந்த வகை நோவு ஆறிவிடும் என்பது ஆறுதலான செய்தி. "பழகினால் சரியாகும்" என்று அதன் மேலேயே ஓடவிடுவதுதான் ஆபத்து. முதுகு விஷயம் இதைவிடப் பாரதூரமானது. வேகமாகப் பந்து வீசும் பையன் ஒவ்வொரு பந்துக்கும் முதுகை வளைத்துத் திருப்பி, முன்காலைத் தரையில் அடித்து ஊன்றுகிறான். ஒரே அசைவு நூற்றுக்கணக்கான தடவை ஒரே இடத்தில் விழும்போது இடுப்புப் பக்கத்து முள்ளந்தண்டில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகிறது. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இது அடிக்கடி வருவதால்தான் இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை வயதுக்கேற்ற வரம்பு வகுத்தது. 13 வயது வரையிலான பிள்ளை ஒரு தொடரில் 5 ஓவருக்கு மேல் வீசக்கூடாது, ஒரு நாளைக்கு 10 ஓவருக்கு மேல் கூடாது என்று எழுதி வைத்தார்கள். நம் ஊர் வகுப்புகளில் ஓவர் எண்ணுபவர் யார்? எண்ணுங்கள் என்று கேட்கும் உரிமை தாய்க்கு இருக்கிறது.

பல விளையாட்டு ஆடும் பிள்ளைக்கு இந்தச் சுமை பகிர்ந்துபோகிறது. ஒரு நாள் கால், ஒரு நாள் தோள், ஒரு நாள் மூச்சு. அரிசி மூட்டையை ஒரே தோளில் வைத்து மலையேறுவதற்கும், தோள் மாற்றிச் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்கச் சிறுவர் மருத்துவர்கள் சங்கம் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே விளையாட்டுக்கென்று ஒதுங்குவதைக் குறைந்தது 15, 16 வயது வரை தள்ளிப்போடுங்கள் என்பது அதன் சாரம். கிழமையில் ஒன்றிரண்டு நாட்களாவது ஓய்வு வேண்டும். வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம், மாதம் மாதமாகப் பிரித்தேனும், அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும். சிகாகோவில் 7 முதல் 18 வயது வரையிலான 1,200 பேரளவில் பார்த்த இன்னொரு ஆய்வு எளிய ஒரு கணக்கைத் தந்தது. பிள்ளையின் வயது எத்தனையோ, அதைவிடக் கூடுதலான மணித்தியாலங்கள் ஒரு வாரத்தில் பயிற்சி எடுப்பவர்களுக்குக் கடுமையான காயங்கள் கூடுதலாக ஏற்படுகின்றன. பத்து வயதென்றால் பத்து மணித்தியாலம். நம் மகனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாலைகளுக்கு ஆறு, சனி ஞாயிறுக்கு எட்டு. பதினான்கு! பாடசாலையில் அவன் ஓடியதையும் ஏறியதையும் நான் சேர்க்கவேயில்லை.

உடம்பு போகட்டும், மனம்? ஜெனிஃபர் கப்ரியாட்டி என்ற அமெரிக்கப் பெண்பிள்ளை 14 வயது நிறையுமுன்பே, 1990இல், தொழில்முறை டென்னிஸுக்கு வந்தார். 16 வயதில், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் டென்னிஸை விட்டே விலகி, வாழ்க்கை தடம்புரண்டு நின்றார். பெண்கள் டென்னிஸ் சங்கம் இளவயதுப் பிள்ளைகள் ஆடும் போட்டிகளுக்கு வரம்பு விதிக்கத் தூண்டிய சம்பவங்களில் இதுவும் ஒன்று. அவர் மீண்டு வந்து 2001இல் அவுஸ்திரேலியப் போட்டியை வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் அப்படி மீள வாய்ப்பதில்லை.

நமக்குப் பக்கத்தில், இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் நடந்தது இதைவிட நெஞ்சை உலுக்கும். புதியா சிங் என்ற ஏழைத் தாயின் மகன். 2006 மே 2ஆம் திகதி, பூரிக்கும் புவனேஸ்வருக்கும் இடையே சுமார் 65 கிலோமீற்றரை ஏழு மணித்தியாலத்தில் ஓடினான். வயது நான்கு! மே மாத வெயிலில், தொலைக்காட்சிக் கமெராக்கள் பின்தொடர, ஒரு பச்சைப் பிள்ளை. நாடே கைதட்டியது. கடைசியில் அவன் தளர்ந்து விழுந்தான். பிறகு மாநில அரசு அவனது நெடுந்தூர ஓட்டத்தைத் தடுத்தது. பயிற்றுவிப்பாளரோ, வறுமையிலிருந்து அவனை மீட்டவன் நான்தானே என்று வாதாடினார். அதிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எல்லாரும் எதிர்பார்த்தபடி ஓர் ஒலிம்பிக் ஓட்டக்காரர் அந்தப் பிள்ளையிலிருந்து வரவில்லை. அவனைப் பற்றிச் சினிமாப் படம்தான் வந்தது.

இதையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னபோது அவர் ஒன்று கேட்டார். நான் எதிர்பார்க்காத கேள்வி.

"அப்ப ஹிப்ழு மட்டும் ஏன் மௌலவி ஏழு எட்டு வயசிலேயே தொடங்குறீங்க?"

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். மனனம் சிறுவயதில் எளிது என்பது நம் உலமாக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டது. உள்ளத்தில் பதிவதற்கு வளர்ச்சிப் படை கிழியாது. அதனால் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அவர் கேள்வியில் எனக்கும் ஒரு பாடம் இருந்தது. விளையாட்டே இல்லாமல் காலை முதல் இரவு வரை ஓதலில் மட்டும் இருத்தப்பட்டு, பாதியில் ஓடிவந்துவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைச் சொல்லுமிடத்தில், ஓதல் முடிந்த பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விடவேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் கல்வியில் அடைத்து வைத்தால் பிள்ளையின் உள்ளம் மரத்துப்போகும், புத்தி மழுங்கும் என்பது அவர் கருத்து. நாங்கள் அரபுக் கல்லூரியில் இருந்தபோது அஸருக்குப் பின் மஃரிப் வரையுள்ள நேரம் எங்களுக்குச் சொந்தம். கரப்பந்து வலை இருந்தால் கரப்பந்து, வலை அறுந்தால் உதைபந்து, பந்து காற்றுப் போனால் ஓட்டப்பந்தயம். அந்த ஒரு மணித்தியாலம் இல்லாதிருந்தால் நஹ்வும் ஸர்ஃபும் என் தலையில் ஏறியிருக்காது.

நம் கிதாபுகளில் இந்த விஷயத்தைத் தேடியபோது, எத்தனையோ தடவை ஓதிய ஒரு ஹதீஸ் புதிதாகத் தெரிந்தது. இப்னு உமர் (ரலி) அறிவிப்பது, புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை எல்லை. அது ஐந்தாறு மைல் என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்குகிறார். பயிற்றுவிக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரைதான், ஒரு மைல். ஒரே பந்தயம், இரண்டு தூரம்! வாயில்லாப் பிராணிக்கே அதன் தகுதி பார்த்து எல்லை வைத்தார்கள். அதே இப்னு உமர் (ரலி) தன்னைப் பற்றிச் சொல்வதும் புகாரியில் உண்டு. உஹதுப் போரின்போது 14 வயது, நபியவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது 15 வயது, அனுமதித்தார்கள். டாக்டர்கள் 15, 16 என்று சொல்வதற்கு இது ஆதாரம் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி இழுத்துப் பொருத்துவது எனக்குப் பிடிக்காது. பிள்ளையின் ஆசையும் துடிப்பும் மட்டும் போதாது, வயதும் பார்க்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறேன். நீச்சல், அம்பெய்தல், குதிரையேற்றம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் பெயரால் நாம் அடிக்கடி மேடையில் எடுத்துச் சொல்கிறோமே, அதிலும் மூன்று விளையாட்டுகள்!

இதுவரை ஆண்பிள்ளைகளைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். நம் பெண்பிள்ளைகளுக்கு "ஒன்றா, பலவா" என்ற கேள்வியே இல்லை. அவர்களுக்கு ஒன்றுமேயில்லை. ஆறாம் ஏழாம் தரம் வரை வலைப்பந்து ஆடுவார்கள், இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடுவார்கள். பிறகு பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று எல்லாம் நின்றுவிடும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமாவது உடம்பு வியர்க்க இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதில் ஆண் பெண் பேதம் இல்லை. நபியவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி வென்றதையும் பின்னொரு காலத்தில் தோற்றதையும் ஆயிஷா (ரலி) அவர்களே நமக்கு அறிவித்திருக்கிறார்கள்.

உடை ஒரு தடை என்றால் அதற்கும் வழி பிறந்துகொண்டிருக்கிறது. உதைபந்தாட்டத்தில் 2014இலும், கூடைப்பந்தாட்டத்தில் 2017இலும் சர்வதேசச் சபைகள் தலையை மறைத்து ஆட அனுமதித்தன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இப்திஹாஜ் முஹம்மத் என்றொரு முஸ்லிம் சகோதரி. சிறுவயதில் நீச்சல், டென்னிஸ், ஓட்டம், கரப்பந்து என்று பலவும் ஆடியவர். ஒவ்வொன்றிலும் உடை ஒரு சங்கடம். உம்மா சீருடையில் கையும் காலும் மறையும்படி ஏதாவது சேர்த்துக் கொடுப்பார். ஒரு நாள் தாயும் மகளும் வாகனத்தில் போகும்போது, ஒரு பாடசாலையில் பிள்ளைகள் உடல் முழுதும் மறைத்த உடையோடு வாள்வீச்சுப் பழகுவதைக் கண்டார்கள். இது நம் பிள்ளைக்குப் பொருந்துமே என்று தாயின் மனம் சொன்னது. மகளுக்கு அப்போது 12, 13 வயது. அந்தப் பிள்ளைதான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபோடு வாள்வீசி, குழுப்போட்டியில் வெண்கலம் வென்றார். பதின்மூன்றில் தொடங்கியது பிந்திவிடவில்லை. அதற்கு முன் ஆடியவை வீணாகவுமில்லை.

நாம் ஒலிம்பிக்கைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. சுவர் உள்ள ஒரு முற்றம், ஓர் ஆசிரியை, இரண்டு பந்து இருந்தால் நம் பாடசாலைகளில் இதைச் செய்யலாம். பெற்றோர் கூட்டத்தில் உம்மாமார் எழுந்து கேட்டால் அதிபர்கள் மறுக்கமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

மற்றபடி பல விளையாட்டு என்றதும் பல வகுப்பு, பல கட்டணம் என்று பயந்துவிட வேண்டாம். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அர்ஜுன ரணதுங்கவின் அணி உலகக் கிண்ணத்தை வென்றபோது நானும் பாடசாலைப் பையன். மறுநாள் முதல் ஊரெல்லாம் கிரிக்கெட். தேயிலைப் பெட்டிப் பலகைதான் மட்டை. ஆனாலும் ஆற்றில் நீந்துவதையோ, கிட்டிப்புள் அடிப்பதையோ, எல்லேயையோ யாரும் விட்டுவிடவில்லை, விடச் சொல்ல ஆளும் இருக்கவில்லை. இந்த மலைநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பாடசாலைக்கு ஏறி இறங்குவதே பாதிப் பயிற்சி. தோட்டத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி மாகாணப் போட்டிகளில் முந்துவதைப் பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, "மௌலவி எழுதியிருக்கிறார், விளையாட்டே வேண்டாம், டியூஷனுக்குப் போ" என்று யாராவது பிள்ளையின் மட்டையைப் பிடுங்கினால் அது என் கருத்தல்ல. புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஒன்பது வயதில் பிள்ளையை மேசையோடு கட்டிவைப்பதும் இதே நோயின் இன்னொரு வடிவம்தான். பிள்ளைக்குக் கிரிக்கெட்டில் ஆசையென்றால் கிரிக்கெட் ஆடட்டும். வாரத்தில் மூன்று நாள் ஆடட்டும். இரண்டு நாள் வேறெதாவது. ஒரு நாளாவது வெறுமனே கிடக்கட்டும். குடும்பத்துச் சமையல் பணத்தையோ நகையையோ அதற்குள் போடாதிருப்பது நல்லது. ஏனென்றால் பணம் போட்ட பிறகு "போதும்" என்று சொல்லும் தைரியம் பிள்ளைக்கும் வராது, நமக்கும் வராது. நோவு என்று சொன்னால் நம்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, இரவில் வலித்தாலோ, வீங்கினாலோ, எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பதினைந்து பதினாறு வயதில், மீசை அரும்பிய பிறகு, "எனக்கு இதுதான்" என்று அவனே வந்து சொன்னால், அப்போது துணை நில்லுங்கள்.

அந்தத் தாயின் கணவர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கட்டாரிலிருந்து எனக்கு அழைப்பெடுத்தார். முதலில் கொஞ்சம் கோபம் இருந்தது. "நான் இங்க வெயில்ல நின்டு உழைக்கிறது அவனுக்காகத்தான் மௌலவி" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முரளிக்கு 14 வயதில் நடந்ததைச் சொன்னேன். குதிக்காலைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வகுப்பில இடம் போயிடுமே?" என்று கேட்டார்.

இடம் போய்விட்டது. ஆறு வாரம் ஓய்வு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அந்த வகுப்பில் வேறொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் அழுதான் என்று உம்மா சொன்னார். இப்போது அஸருக்குப் பின் மத்ரஸா, அது முடிந்து பையன்களோடு எல்லே. சென்ற வாரம் இரண்டு குதிக்காலும் தரையில் பதிய ஓடிவந்து, மாகாணப் போட்டிக்கு எந்த வயதில் பெயர் கொடுக்கலாம் என்று கேட்டான். எந்த விளையாட்டுக்கு என்று நான் கேட்டேன். இன்னும் யோசிக்கவில்லையாம். காப்பு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.